மச்சான் சொன்ன ‘நீர்’

என்னை முதன்முதலில் ‘நீர்’ என்று சொன்னவன் என் மச்சான். அவன் என்று எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வயதில் என்னிலும் மூத்தவன். என் தகப்பன், அப்புவின் தங்கை மகன். கொழும்பில் கிளாக்கர் உத்தியோகம் பார்த்தவன். ‘அவர்’ என்றுதான் எழுத இருந்தேன், எழுதியும் பார்த்தேன், கை கேட்கவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வராத எழுத்தை வரவழைக்கிற படிப்பு எனக்கு இல்லை.

எங்கள் தீவுகளில் ஒருவரை முன்னால் வைத்துப் பேச மூன்று சொல் உண்டு. ‘நீ’ என்பது பிள்ளைக்கும் மாட்டுக்கும் சாமிக்கும். ‘நீங்கள்’ என்பது பெரியவர்களுக்கும் வாத்தியாருக்கும் புருஷனுக்கும். இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற ‘நீர்’ பொல்லாத சொல். படித்த மனிதர் தன் பெண்சாதியை நீர் என்பார், அது மதிப்பு. அதே மனிதர் உத்தியோகம் பார்க்கிற கந்தோரில் தன் மேசைக்கு முன்னால் வந்து நிற்கிற, வயல் உழுகிற கமக்காரனையும் நீர் என்பார். அது ‘எட்டி நில்’ என்பதை மரியாதையாகச் சொல்வது. சொல் ஒன்றுதான். அது உன்னை ஏற்றுகிறதா இறக்குகிறதா என்பது சொல்கிறவன் மனதுக்குள் இருக்கும், கேட்கிறவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியவில்லை.

அவனுடைய தாயும் தகப்பனும் நெருப்புக் காய்ச்சலில் அடுத்தடுத்துப் போய்விட, சிறு பிள்ளையாகவே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். புங்குடுதீவு மடத்துவெளியில் எங்கள் வீடு. வேலி முடிகிற இடத்தில் கடல் தொடங்கும். ஒரே பானைக் கூழ், ஒரே பாய். என்னை ‘எடி’ என்பான், ‘நீ’ என்பான், பின்னலைப் பிடித்து இழுப்பான். தாய்மாமன் மகள் என்பதால் நான் அவனுக்குத்தான் என்று யாரும் சொல்லவும் இல்லை, சொல்லாமல் விடவும் இல்லை. அப்பு அவனைப் பட்டினத்தில் இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில் விட்டுப் படிப்பித்தார். பிறகு கொழும்பு. இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்குக் கொஞ்சக் காலம் முன்பு.

உத்தியோகம் கிடைத்து வந்த முதல் தைப்பொங்கலில் நான் கிணற்றடியில் நின்றேன். வேட்டியை விட்டுக் களிசான் போட்டுக்கொண்டு வந்து, கொஞ்சம் எட்டவே நின்று, “நீர் சுகமாய் இருக்கிறீரோ?” என்றான்.

வாளியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய் இருந்துவிட்டேன்.

“என்னடி, பேயைக் கண்ட மாதிரி இருக்கிறாய்?” என்றார் அம்மா.

“மச்சான் என்னை நீர் எண்டவர்.”

“என்னெண்டு சொன்னவன்? வடிவாய்ச் சொல்லு.”

“நீர் சுகமாய் இருக்கிறீரோ எண்டு.”

அம்மா அகப்பையைப் பானைக்குள்ளேயே விட்டுவிட்டு எழும்பினார். “எடி விசரி, டாக்குத்தர்மார் வீட்டிலை பெண்சாதியை எப்பிடிக் கூப்பிடுறவை? ‘நீர் வாரும், நீர் இரும்’ எண்டுதானே! உது கலியாணச் சொல்லடி. உன்னைத் தன்ரை மட்டத்துக்குத் தூக்கிறான்.”

அன்றைக்கே அது வேலி தாண்டிவிட்டது. பக்கத்து வீட்டு வளவில் இருந்தவர் எனக்குப் பெரியம்மா முறை. வாய்க்கும் மூளைக்கும் நடுவில் சாத்துவதற்குப் படலையே இல்லாத மனுசி. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு, “எடி பெட்டை, ஊர் முழுக்க நல்ல தண்ணிக்குக் குடம் தூக்கிக்கொண்டு அலையுது, உனக்கு வீட்டுக்குள்ளையே நீர் ஊறுதாம்!” என்றார். கேட்ட பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. வெட்கத்தில் வருகிற சிரிப்பு.

அதற்குப் பிறகு நான் ஆடிய ஆட்டத்தை இப்போது நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. பனங்காய் பொறுக்க மற்றப் பெட்டைகளோடு போகமாட்டேன். வீட்டில் இருந்த ஒரே ஒரு கதிரையில் யாரும் பார்க்காத நேரம் ஏறி உட்கார்ந்து பார்ப்பேன். சாமிப்படத்துக்கு விளக்கு வைத்து நயினாதீவு அம்மாளைக் கும்பிடும்போது, இவ்வளவு காலமும் உன்னை நீ என்று சொல்லிவிட்டேனே, இனி நீர் என்று சொல்லலாமோ என்றுகூட ஒருநாள் யோசித்தேன். ஒரு கிளாக்கரின் வாயிலிருந்து விழுந்த ஒற்றைச் சொல்லுக்காக அம்மாளுக்கே படி ஏற்றப் பார்த்தவள் நான்! அப்படி ஒரு அரசாங்க உத்தியோக மயக்கம் அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளைப் பிடித்திருந்தது. கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை மேய்க்க வேணும் என்பார்கள். மேய்க்கிறவன் கோழிப்பீயை மிதித்துக்கொண்டு வாசலில் ஏறினாலும் அது சந்தனம்.

ஆனி மாதம் நயினாதீவு அம்மாளின் தேருக்கு வருவதாகவும், தன்னோடு கந்தோரில் இருக்கிற சிநேகிதன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வருவதாகவும் அறிவித்திருந்தான். அம்மா வீட்டை மூன்று தரம் மெழுகினார். கல்யாண நாள் கேட்கத்தான் வருகிறான் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். அப்புவும் கல்யாணப் பந்தலுக்கென்று தென்னோலைக் கிடுகு பின்னி அடுக்கத் தொடங்கிவிட்டார்.

அவர்கள் வேலணைக் கரையில் ஏறிய வள்ளம் எங்கள் பக்கம் வந்தபோது கடல் வற்றிக் கிடந்தது. வள்ளம் கரையில் முட்டாது, முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்துதான் வரவேண்டும். ஊரில் எல்லோரும் அப்படித்தான் வருவார்கள். அப்பு வேட்டியை மடித்துக் கட்டி, சால்வையைத் தலையில் சுற்றிக்கொண்டு வள்ளத்தடிக்கே போய்விட்டார். நான் படலையில் நின்றேன். காற்று எங்கள் பக்கம்தான் வீசிக்கொண்டிருந்தது, பேச்செல்லாம் காதில் விழுந்தது.

“வா தம்பி, வா. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு இறங்கு. முழங்கால் தண்ணிதான்.”

மச்சான் சிநேகிதனின் முகத்தைப் பார்த்தான். சிநேகிதன் அப்புவின் வெறும் மேலைப் பார்த்தான். மச்சான் ஒரு தோற்பெட்டியைக் காலால் முன்னுக்குத் தள்ளினான்.

“நீர் உந்தப் பெட்டியை எடும். நனையாமல் கொண்டு போம்.”

அப்பு திரும்பி, தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். பின்னால் வெறும் தண்ணீர்தான் இருந்தது.

பிறகு பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தார். வள்ளக்காரர்கள் அந்த இரண்டு துரைமாரையும் முதுகில் காவிக்கொண்டு வந்து கரையில் இறக்கினார்கள். சப்பாத்தில் ஒரு துளி ஈரம் படவில்லை. மருமகன் தாய்மாமனை ‘நீர்’ என்று சொல்லி எங்கள் ஊரில் நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. குடித்துவிட்டு மண்ணில் புரளுகிறவன்கூட மாமனைக் கண்டால் ‘நீங்கள்’ என்றுதான் உளறுவான்.

சிநேகிதனைக் கதிரையில் இருத்தினார்கள். அம்மா இளநீர் வெட்டித் தந்தார், நான் கொண்டு போனேன். கதவு மறைவில் வரும்போதே உள்ளே பேசுவது கேட்டது.

“உவை ஆர்?” என்றான் சிநேகிதன்.

“எங்கட வளவு பாக்கிற ஆக்கள். கன காலமாய் இஞ்சை இருக்கினம்.”

“நல்ல ஆக்கள் போலை.”

“ஓம், ஓம். களவெடுக்க மாட்டினம்.”

நான் இளநீரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

“வளவு பெரிசுதான்,” என்றான் சிநேகிதன். “எங்கட ஐயாவிட்டைச் சொல்லுறன். கலியாணம் முடிஞ்சால் தங்கச்சிக்குத்தான் உந்த உப்புக் காத்து ஒத்துவராது.”

“அவ இஞ்சை வந்து இருக்கத் தேவையில்லை. உவையள் பாத்துக்கொள்ளுவினம்.”

இளநீரோடு உள்ளே போனேன். மச்சான் என்னை நிமிர்ந்து பார்க்காமலே, “நீர் உதிலை வைச்சிட்டுப் போம்,” என்றான்.

அதே சொல்தான். தைப்பொங்கலில் கிணற்றடியில் கேட்ட அதே குரல்தான். அவன் என்னைத் தூக்கி ஒரு படியிலும் வைத்திருக்கவில்லை. தான் ஏறி நின்றுகொண்டு, அங்கேயிருந்து கீழே பேசியிருக்கிறான். அதை நான் முகூர்த்தச் சொல்லாக எடுத்து அரை வருடம் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டிருக்கிறேன்.

குசினிக்குள் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“சிநேகிதனுக்கு முன்னாலை பகிடி விட்டிருப்பான்,” என்றார்.

“அப்புவை நீர் எண்டவர், அம்மா. பெட்டி காவ விட்டவர்.”

“கொழும்பிலை நாள் முழுக்கப் பியோன்மாரோடை கதைக்கிற வாய். மாறி வந்திருக்கும்.”

“அப்ப, தங்கச்சி எண்ட கதை?”

“உனக்குக் காது சரியில்லை. போய் அரிசியைக் களை.”

என் அம்மா நல்லவர். விரதம் தவறாதவர். ஆனால் உத்தியோகம் என்ற ஒரு மண்ணை அவர் கண்ணில் போட்டால், தன் புருஷனின் தலையில் பெட்டி இருந்தாலும் அது அவருக்குத் தெரியாது. அவர் ஒருத்தி மட்டுமா? எங்கள் ஊரில் பாதிப் பெண்கள் அப்படித்தான் கண் தெரியாமல் பெண்பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்தார்கள். கட்டிக் கொடுத்த பிறகு அம்மாளிடம் வந்து அழுதார்கள். அம்மாள் என்ன செய்வாள்? கண்ணைக் கொடுத்தது அவள்தான், மண்ணைப் போட்டது அவளில்லையே.

அப்பு அந்தப் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு மறுபடி கிடுகு பின்னப் போய்விட்டார். ‘வளவு பாக்கிற ஆக்கள்’ என்ற கதையை அவரிடம் நான் சொல்லவில்லை.

அடுத்த நாள் குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நயினாதீவுக்குப் போனோம். தேர் இருப்புக்கு வந்த பிறகு மடத்தில் சாப்பாட்டுக்குச் சனம் கூடியது. இரண்டு துரைமாரும் சப்பாத்தைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு நின்றார்கள். களவு போய்விடும் என்று அப்புவைக் காவலுக்கு நிறுத்தியிருந்தான் மச்சான். அம்மாளின் வாசலில், திருநீறு காயாத நெற்றியோடு, அப்பு சப்பாத்துக்குக் காவல் நின்றார்.

அப்போதுதான் பக்கத்து வளவுப் பெரியம்மா சனத்தை இடித்துக்கொண்டு வந்தார்.

“எட தம்பி! எப்ப வந்தனீ? வந்தும் ஒரு எட்டு வீட்டை வரேல்லை. உன்ரை மாமா பந்தலுக்குக் கிடுகு பின்னி அடுக்கிப்போட்டு இருக்கிறார். நீ எண்டால் ஒரு நாளும் சொல்லுறாய் இல்லை, கோளும் சொல்லுறாய் இல்லை!”

மச்சான் தேர் முடியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“உம்மோடைதான் கதைக்கிறா போலை,” என்றான் சிநேகிதன். “ஆர் மாமா?”

“இதென்ன கேள்வி தம்பி? இந்தா, உங்கட சப்பாத்துக்குப் பக்கத்திலை நிக்கிறாரே, இவர்தான். தூக்கி வளத்த தாய்மாமன். உதிலை நிக்கிற பெட்டைதான் கலியாணப் பொம்பிளை. தம்பி, நீர் ஆர்? மாப்பிள்ளைத் தோழனோ?”

சிநேகிதன் அப்புவைப் பார்த்தான். வெறுங்காலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

“ஐசே, இதை முந்தியே சொல்லியிருக்கலாமே! எங்கட ஐயா இதுக்கு ஓமெண்டுவாரோ?” என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தை எடுத்துக்கொண்டு, புறப்பட நின்ற ஒரு வள்ளத்தில் போய்விட்டான். மாமனைப் பெட்டி காவ வைத்தது அவனுக்கு ஒரு பிழையாகத் தெரியவில்லை. அப்படி ஒரு மாமன் இருந்ததுதான் பிழை. பட்டினத்துக்காரருக்கு நாங்கள் எல்லோரும் தீவார், அதற்குள் மாமன் என்ன, மருமகன் என்ன? மச்சான் தன் ஊரின் மேல் துப்பிய எச்சிலை அந்தப் பெடியன் மச்சானின் முகத்தில் துடைத்துவிட்டுப் போனான். ஒருவனில் ஒருவன் குறைந்தவன் இல்லை.

மச்சானும் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, அடுத்த வள்ளத்தில் சிநேகிதனுக்குப் பின்னால் ஓடினான்.

பிறகு மார்கழியில் ஒரு காலை, பூசை முடிந்து நான் கோயிலால் வரும்போது குசினிக்குள் அவனுடைய குரல் கேட்டது. களிசான் இல்லை, வேட்டி. கதிரை இல்லை, நிலத்தில் சப்பாணி கட்டிக்கொண்டு இருந்தான்.

“மாமி, கூழ் இருக்கோ? உங்கட கூழைக் குடிச்சு எவ்வளவு நாளாச்சு!”

அம்மாவின் கண் கலங்கிவிட்டது. கூழுக்கே கலங்குகிற கண்.

“எடி மச்சாள், நீ நல்லாய் மெலிஞ்சு போனாய்,” என்றான் என்னைப் பார்த்து.

‘எடி’யும் வந்துவிட்டது, ‘நீ’யும் வந்துவிட்டது. அந்தச் சொல்லில் பாசம் இருந்திருக்கலாம், இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. பட்டினத்துச் சந்தையில் விலைபோகாத சாமானைத் திருப்பிக் காவிக்கொண்டு வருகிறவனுக்கும் ஊரின் மேல் பாசம் வரத்தான் செய்யும்.

அவன் கூழைக் குடித்துக்கொண்டே கல்யாணப் பேச்சை எடுத்தான். தையில் வைக்கலாம் என்றான். அம்மா என்னை வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள் இழுத்துக்கொண்டு போய்க் காதுக்குள் சொன்னார்: “உனக்கு வயசு போகுது. உத்தியோகக்காரன் தானாய்த் திரும்பி வந்திருக்கிறான். இவனை விட்டால் உன்னை ஆர் எடுக்கப் போகினம்? வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. எனக்குச் சரியான பயமும் இருந்தது. கல்யாணம் ஆகாத பெண் எங்கள் ஊரில் யாருடைய அடுப்படியில் இருந்தாலும் அது அவளுடைய அடுப்படி இல்லை. அதோடு, சொல்லத்தான் வேண்டும், அவனுக்காகவே இருபது வருடமும் வளர்ந்தவள் நான். அந்த முகத்தைக் கண்டதும் நெஞ்சு ஒருதரம் துள்ளத்தான் செய்தது. துள்ளினதை நினைத்து எனக்கு என்னிலேயே வெறுப்பு வந்தது.

அப்பு குசினி வாசற்படியில் இருந்து சுருட்டுப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். அம்மா அவரைக் கேட்டார். “எனக்கென்ன? அவளைக் கேள்,” என்றார். அந்தப் பெட்டியைப் பற்றி அவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் அடுத்த நெருப்புக் குச்சியைத் தட்டினார்.

“மாமாவே சொல்லிப்போட்டார்,” என்றான் மச்சான். “நீ என்ன சொல்லுறாய்?”

“நீர் கூழைக் குடிச்சிட்டு வெளிக்கிடும். வெய்யில் ஏறினால் வள்ளம் பிடிக்க ஏலாது.”

அம்மா பாய்ந்து வந்து என் வாயில் அடித்தார். அவன் கையிலிருந்த பனையோலைப் பிளாவைக் கூழோடு கீழே வைத்தான்.

“ஆரையடி நீர் எண்டனீ?”

“உம்மைத்தான்.”

“எனக்கு மேலை என்ன கோவம் உனக்கு? வேண்டாமெண்டால் வேண்டாமெண்டு சொல்லு. உந்த நீர் என்ன நீர்? நான் ஆரெண்டு நினைச்சாய்?”

“வளவு பாக்கிற ஆக்களுக்கு அதுதான் தெரியும்.”

அப்பு நெருப்புக் குச்சியைக் கீழே போட்டார்.

“அதார் வளவு பாக்கிற ஆக்கள்?”

அப்பு அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஒரு குனிவில் அப்புவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். பெட்டி காவினதை அவர் எப்படியோ விழுங்கிவிட்டிருந்தார். ஆனால் அவன் தன்னைக் கூலிக்காரனாக்கி, தன் வீட்டைத் தன்னுடையதில்லை என்றும் ஆக்கினது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

எழும்பி, கொடியில் கிடந்த சால்வையை எடுத்துத் தோளில் போட்டார். கையில் வளர்த்த பிள்ளையை, ஒருநாளும் ‘நீ’ என்பதைத் தவிர வேறு சொல் சொல்லியறியாத மனிதர்,

“எழும்புங்கோ,” என்றார். “வள்ளத்தடி மட்டும் நான் வாறன். வாருங்கோ.”

மச்சானுக்கு அப்போதுதான் முகம் செத்தது. மாமன் கெட்ட வார்த்தையால் ஏசியிருந்தால் காலில் விழுந்திருப்பான், அம்மாவும் சேர்ந்து விழுந்திருப்பார். ‘வாருங்கோ’ என்கிற மனிதரின் காலில் எப்படி விழுவது? அவன் எழும்பினான். இருவரும் படலையைத் தாண்டிப் போனார்கள். கடலில் அன்று நிறையத் தண்ணீர் இருந்தது. அவனே தன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு நனைந்து ஏறினான். அப்பு கரையில் நின்று கையை வீசிக்கூட விடைகொடுக்கவில்லை.

அம்மா என்னோடு நெடுநாள் பேசவில்லை. பேசியபோதும், ஒரு சொல்லால் வாழ்க்கையைத் தொலைத்தவள் என்றுதான் பேச்சு முடியும். ஊரில் ‘நீர் சொன்ன பெட்டை’ என்று எனக்குப் பட்டமே வந்தது. கேட்டு வந்த ஒன்றிரண்டு பேரும் அந்தப் பட்டத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். திமிர் பிடித்தவளாம். மாமனைத் தலைச்சுமை காவ விட்டவனுக்குத் திமிர் என்று ஒருத்தரும் சொல்லவில்லை, அவனுடையது உத்தியோகம். உலகச் சண்டை தொடங்கி அரிசிக்குக் கூப்பன் வந்த காலத்தில் வேலணையில் புகையிலை நட்டுக்கொண்டிருந்த ஒருவர் வந்து என்னை எடுத்தார். அவரும் பெரிய தங்கம் என்று சொல்ல மாட்டேன். சோற்றில் உப்புக் குறைந்தால் ஊருக்குக் கேட்கக் கத்துவார். ஆனால் அப்பு வீட்டுக்கு வந்தால், வாய்க்குள் இருக்கிற வெற்றிலையைத் துப்பிவிட்டுத்தான் பேசுவார். எனக்கு அது போதும்.

மச்சான் பட்டினத்தில் கட்டினான், பென்சனும் எடுத்தான். நயினாதீவில் சில வருடம் காண்பேன். வீதி சுற்றும்போது எதிரே வருவான், நான் அம்மாளின் பக்கம் திரும்பிக்கொள்வேன். கோயில் ஐயர் ஒருமுறை, பகையை மனதில் வைத்துக்கொண்டு கும்பிட்டால் கும்பிடு சேராது, மன்னிக்கிற மனதைக் கேள் என்றார். அம்மாளிடம் நான் கேட்காத பொருள் இல்லை. மழை கேட்டிருக்கிறேன், பிள்ளைகளுக்குச் சுகம் கேட்டிருக்கிறேன், அப்புவுக்கு நல்ல சாவு கேட்டு அதையும் வாங்கியிருக்கிறேன். இதை மட்டும் நான் கேட்கவில்லை. கேட்டால் தந்துவிடுவாள் என்று பயம்.